இரவல் சட்டையில் நம்ம பையன்கள்

2019 மே 27 அன்று லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஆஸ்டன் வில்லாவும் டெர்பி கவுண்டியும் மோதின. இங்கிலாந்தின் இரண்டாம் அடுக்குப் போட்டியான சாம்பியன்ஷிப்பிலிருந்து பிரீமியர் லீகுக்கு ஏறும் கடைசி அணியைத் தீர்மானிக்கும் ஆட்டம் அது. இரண்டு நாள் கழித்து பாகு நகரில் செல்சிக்கே ஐரோப்பா லீக் இறுதி ஆட்டம் இருந்தது. ஆனாலும் செல்சி ரசிகர்களில் பலருக்கு அன்று கண் வெம்பிளியில்தான். டெர்பியின் நடுக்களத்தில் மேசன் மவுண்ட், தடுப்பில் ஃபிகாயோ டொமோரி. எதிரே வில்லாவின் முன்களத்தில் டேமி ஆப்ரஹாம். மூவரும் செல்சியின் அகாடமியில் சிறுவர்களாகச் சேர்ந்து வளர்ந்தவர்கள். மூவரும் அந்த சீசனில் இரவலாகப் போனவர்கள். டெர்பியின் பயிற்சியாளர் ஃபிராங்க் லாம்பார்ட், வில்லாவின் உதவிப் பயிற்சியாளர் ஜான் டெர்ரி. செல்சியின் பொற்காலத்தைக் கட்டிய இருவர் எதிரெதிர் ஓரங்களில் நின்றார்கள். செல்சி ஆடாத அந்த ஆட்டத்தில் எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும் ஒரு செல்சி ரசிகர் பாதி மகிழ்ந்து பாதி வருந்த வேண்டியிருந்தது. வில்லா 2–1 என வென்றது.

தன் கிளப்பின் இளம் ஆட்டக்காரர் வேறொரு கிளப்பின் சட்டையில் ஆடும்போது அவரை வாராவாரம் பின்தொடரும் ரசிகர்களைப் பற்றியது இந்தக் கட்டுரை. கால்பந்தில் எல்லாமே காசுக்கு வாங்கப்படும் காலத்தில், ஒரு பையன் வளர்வதைப் பொறுமையாகக் காத்திருந்து பார்க்கும் பழக்கம் இன்னும் மிச்சமிருக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அதே சமயம், அந்தப் பையனை உண்மையில் கண்ணால் பார்த்தவர்கள் இன்னொரு ஊரில் இருக்கிறார்கள். அவர்களை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

இங்கிலாந்தில் இந்த இரவல் முறை இவ்வளவு பெருத்ததற்கு அந்நாட்டு லீகின் அமைப்பே முதல் காரணம். ஸ்பெயினில் ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணியான காஸ்தியா, மற்ற ஊர் அணிகளோடு லீகிலேயே ஆடுகிறது. ஜெர்மனியிலும் பெரிய கிளப்புகளின் இரண்டாம் அணிகள் மூன்றாம் அடுக்கு வரை ஏறலாம். அங்கே பதினெட்டு வயதுப் பையன் தன் கிளப்பின் சட்டையிலேயே முரட்டு ஆட்டங்களைச் சந்திக்கிறான். இங்கிலாந்திலோ இரண்டாம் அணிகளுக்கு லீகில் இடமில்லை. 2014இல் கால்பந்துச் சங்கத் தலைவர் கிரெக் டைக்கின் ஆணையம் அப்படியொரு யோசனையை முன்வைத்தபோது சிறிய கிளப்புகளின் ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள், யோசனை கைவிடப்பட்டது. 2016இல் கீழ் அடுக்குக் கிளப்புகளுக்கான கோப்பைப் போட்டியில் மட்டும் பெரிய கிளப்புகளின் 21 வயதுக்குட்பட்டோர் அணிகளைச் சேர்த்தபோதுகூட, ரசிகர்கள் ஆட்டங்களைப் புறக்கணித்தார்கள். நூறாண்டுப் பழமை கொண்ட தங்கள் ஊர்க் கிளப்பைப் பணக்காரக் கிளப்பின் பயிற்சிக் களமாக்க அவர்கள் ஒப்பவில்லை. அதனால் அகாடமிப் பையனுக்கு இருக்கும் ஒரே வழி, நாற்றங்காலிலிருந்து பிடுங்கி வேறு வயலில் நடுவதுபோல், இன்னொரு கிளப்புக்குப் போவதுதான்.

இரவல் ஒப்பந்தத்தின் இயக்கம் எளிது. ஆட்டக்காரரின் பதிவு குறிப்பிட்ட காலத்துக்கு மாறுகிறது. சம்பளத்தை இரு கிளப்புகளும் பேசிக்கொண்ட விகிதத்தில் பகிர்கின்றன. பல ஒப்பந்தங்களில், பையனை ஆட்டத்தில் இறக்காமல் உட்கார வைத்தால் இரவல் வாங்கிய கிளப் கூடுதல் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். ஜனவரியில் திரும்ப அழைத்துக்கொள்ளும் உரிமையைத் தாய்க் கிளப் பெரும்பாலும் கையில் வைத்திருக்கும். பெரிய கிளப்புகளில் இதைக் கவனிக்கவே தனி ஆட்கள் இருக்கிறார்கள். செல்சியில் எடி நியூட்டன், பாவ்லோ ஃபெரேரா, டோரே ஆந்த்ரே ஃப்ளோ போன்ற முன்னாள் ஆட்டக்காரர்கள் ஊர் ஊராகப் போய் இரவல் பையன்களைப் பார்த்துப் பேசினார்கள். லிவர்பூலில் இந்தப் பொறுப்பைப் பார்த்த ஜூலியன் வார்ட் பின்னாளில் அக்கிளப்பின் விளையாட்டு இயக்குநராகவே உயர்ந்தார்.

ரசிகருக்கு அந்த வசதி கிடையாது. இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் 2:45 முதல் 5:15 வரை எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் நேரலையாக ஒளிபரப்பக் கூடாது என்பது 1960களிலிருந்து தொடரும் கட்டுப்பாடு. மைதானத்துக்கு வரும் கூட்டம் குறையாமல் காக்க ஏற்பட்டது. இரண்டாம், மூன்றாம் அடுக்கு ஆட்டங்களில் பெரும்பாலானவை அந்த நேரத்தில்தான் நடக்கும். ஆகவே லண்டனில் இருக்கும் செல்சி ரசிகருக்கு விகனில் ஆடும் தன் பையனைப் பற்றிக் கிடைப்பது உள்ளூர் வானொலி வர்ணனையும் மாலையில் வரும் ஸ்கோரும் சில நொடிக் காட்சித் துண்டுகளும்தான். 2017இல் கீழ் அடுக்குக் கிளப்புகளுக்காக ஐஃபாலோ சேவை வந்தபோது ஒரு விசித்திரம் நேர்ந்தது. வெளிநாட்டில் சந்தா கட்டியவர் பல ஆட்டங்களை நேரலையாகப் பார்க்க முடிந்தது. குளிர்காலத்தில் இங்கிலாந்தின் மதியம் 3 மணி நமக்கு இரவு 8:30. சாப்பாட்டு வேளைக்குச் சென்னையில் ஒருவர் பார்க்கக்கூடிய ஆட்டத்தை, மைதானத்திலிருந்து சில மைல் தொலைவில் இருப்பவர் காதால் மட்டுமே கேட்டார்.

கண்ணால் பார்க்க முடியாதபோது கை எண்ணத் தொடங்குகிறது. எத்தனை கோல், எத்தனை நிமிடம், தொடக்க அணியா மாற்று ஆளா. ரசிகர்கள் திங்கட்கிழமை பேசுவதெல்லாம் இந்த எண்களைத்தான். இதில்தான் பெரிய தவறு நேர்கிறது.

ஹாரி கேனை எடுத்துக்கொள்ளுங்கள். டாட்டன்ஹாம் அவரை 2011 ஜனவரியில் லண்டனின் கிழக்கே இருக்கும் சிறு கிளப்பான லேட்டன் ஓரியன்டுக்கு அனுப்பியது. 18 ஆட்டங்களில் 5 கோல். அடுத்த ஆண்டு மில்வாலில் 27 ஆட்டங்களில் 9 கோல். அங்கே ஆண்டின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருதும் கிடைத்தது. பிறகு நார்விச், அங்கே கால் எலும்பு முறிந்தது. பிறகு லெஸ்டர், 15 ஆட்டங்களில் 2 கோல். 2013 மே மாதம் வாட்ஃபோர்டுக்கு எதிரான பிளே-ஆஃப் ஆட்டத்தில் அவரும் ஜேமி வார்டியும் தொடக்க அணியில் இடமின்றி மாற்று ஆட்டக்காரர் இருக்கையில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருந்தார்கள். எண்ணை மட்டும் பார்த்த டாட்டன்ஹாம் ரசிகருக்கு இந்தப் பட்டியல் சரிந்துகொண்டே போன கோடு. மூன்றே ஆண்டுகளில் கேன் பிரீமியர் லீகின் அதிக கோல் அடித்தவர். வார்டி லெஸ்டரோடு சாம்பியன். மில்வால் ரசிகர்கள் பார்த்தது வேறு. கீழிறங்கும் அபாயத்தில் தவித்த அணிக்காக, குளிர்கால மாலைகளில், பெரிய தடுப்பாட்டக்காரர்கள் இடித்துத் தள்ளியும் பந்தை விடாமல் ஓடிய பதினெட்டு வயதுப் பையனை அவர்கள் நேரில் கண்டார்கள். அது எந்த அட்டவணையிலும் ஏறாது. கேன் தன் பங்குக்கு ஓரியன்டை மறக்கவில்லை. 2020இல் கொரோனா முடக்கத்தின்போது அந்தக் கிளப்பின் சட்டை விளம்பர இடத்தைத் தானே வாங்கி, முன்களப் பணியாளர்களுக்கு நன்றி சொல்லவும் குழந்தைகள் நல அமைப்பொன்றுக்கும் மனநல அமைப்பொன்றுக்கும் கொடுத்தார்.

எண்ணிக்கை முன்களத்தாருக்கே சாதகம். தடுப்பாட்டக்காரரைப் பின்தொடர்பவருக்கு எண்ண ஒன்றுமே இருக்காது. பென் ஒயிட்டைப் பிரைட்டன் 2017இல் நான்காம் அடுக்கில் இருந்த நியூபோர்ட் கவுண்டிக்கு அனுப்பியது. அங்கே எஃப்ஏ கோப்பையில் லீட்ஸை வீழ்த்திய அணியில் இருந்தார். அடுத்து பீட்டர்பரோ. 2019–20இல் அதே லீட்ஸ். 46 லீக் ஆட்டங்களிலும் ஆடி, பதினாறு ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு லீட்ஸ் பிரீமியர் லீகுக்குத் திரும்பக் காரணமானவர்களில் ஒருவரானார். அடித்தது ஒரே கோல், அதுவும் கடைசி ஆட்டத்தில். ஆனால் அவர் பந்தை எப்படி வாங்கி, தலை நிமிர்ந்து, எதிரியைத் தன்னிடம் இழுத்துவிட்டு அனுப்பினார் என்பதை லீட்ஸ் ரசிகர்கள் வாராவாரம் கண்டார்கள். ஓராண்டு கழித்து ஆர்சனல் அவருக்கு 5 கோடி பவுண்டு கொடுத்தது.

லீட்ஸ் மேலேறுவது உறுதியான அந்த மாலையிலும் ஒரு இரவல் பையனின் கால் இருந்தது. 2020 ஜூலை 17. கூட்டமில்லாத மைதானத்தில் ஹடர்ஸ்ஃபீல்டு, வெஸ்ட் பிராமை 2–1 என வென்றது. ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கையில் வெற்றிக் கோலை அடித்தவர் ஆர்சனலிலிருந்து வந்திருந்த எமில் ஸ்மித் ரோ. அந்தக் கோல் ஹடர்ஸ்ஃபீல்டைக் கீழிறங்காமல் காப்பாற்றியது. வெஸ்ட் பிராம் தோற்றதால் லீட்ஸ் நகரத் தெருக்களில் கொண்டாட்டம் வெடித்தது. லண்டனில் ஆர்சனல் ரசிகர்களுக்கு அது "நம்ம பையன் ஒன்று போட்டான்" என்ற செய்தி. ஹடர்ஸ்ஃபீல்டுக்கு அது உயிர். இரண்டும் உண்மையான மகிழ்ச்சிதான். எடை மட்டும் ஒன்றல்ல.

இந்த எடை வேறுபாடு சில நாட்களில் முகத்தில் அறைகிறது. பிரீமியர் லீகில் இரவல் போனவர் தன் தாய்க் கிளப்புக்கு எதிராக ஆட முடியாது. எஃப்ஏ கோப்பையில் தாய்க் கிளப் அனுமதித்தால் ஆடலாம். 2021–22இல் செல்சியின் கானர் கல்லகர் கிரிஸ்டல் பேலஸில் அற்புதமாக ஆடினார்; லீகில் எட்டு கோல், கிளப்பின் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர், அங்கிருந்தபடியே இங்கிலாந்து அணியில் அறிமுகம். ஏப்ரலில் பேலஸ் எஃப்ஏ கோப்பை அரையிறுதிக்கு வந்தது, எதிரே செல்சி. பேலஸ் அனுமதி கேட்டது, செல்சி மறுத்தது. அரையிறுதி வரை அணியை இழுத்து வந்தவர் அன்று களத்தில் இல்லை. செல்சி 2–0 என வென்றது. முதல் கோலை அடித்தவர் ரூபன் லாஃப்டஸ்-சீக். அவரும் 2017–18இல் இதே பேலஸில் இரவலாக ஆடி, அங்கிருந்தே இங்கிலாந்து அணிக்குத் தேர்வானவர். இரண்டாவது கோல் மவுண்ட். விதி விதிதான், செல்சி எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனாலும் அன்று பேலஸ் ரசிகர்கள் அடைந்த ஏமாற்றத்தை நியாயமற்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஐரோப்பாவில் வேறு நிலை. செல்சியின் கோல்கீப்பர் திபோ கோர்த்துவா மூன்று சீசன்கள் அட்லெடிகோ மாட்ரிட்டில் இரவலாக இருந்தார். 2014 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் அட்லெடிகோ செல்சியைச் சந்தித்தது. அவரை இறக்கினால் அட்லெடிகோ பெருந்தொகை கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதாகப் பேச்சு எழுந்ததும் ஐரோப்பியக் கால்பந்துச் சம்மேளனம் தலையிட்டு, அப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது என்று அறிவித்தது. கோர்த்துவா ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் செல்சிக்கு எதிராக நின்றார். அட்லெடிகோ 3–1 என வென்று இறுதிக்குப் போனது. அந்தக் கோடையில் அவர் செல்சிக்குத் திரும்பினார். இந்த விதிதான் நேர்மையானது என்பது என் முடிவு. ஒரு சீசன் முழுக்க ஒரு சட்டை போட்டவர் எல்லா எதிரிக்கும் எதிராக அந்தச் சட்டையைப் போட வேண்டும்.

இனி செல்சியின் இரவல் பெரும்படைக்கு வருவோம். 2018–19இல் ஏறத்தாழ 40 பேரைச் செல்சி வெளியே அனுப்பியிருந்தது. ஒரு முழு அணி அல்ல, மூன்று அணிக்கு மேல். இவர்களில் பெரும்பாலோர் என்றைக்கும் செல்சிக்காக ஆடப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வளர்த்து விற்பதும் ஒரு வியாபாரம். லூயிஸ் பேக்கர் என்ற நடுக்கள ஆட்டக்காரர் 2014 ஜனவரியில் எஃப்ஏ கோப்பையில் டெர்பிக்கு எதிராகச் செல்சிக்காக முதல்முறை இறங்கினார். பிறகு ஷெஃபீல்டு, மில்டன் கீன்ஸ், நெதர்லாந்தின் விடெஸ், மிடில்ஸ்பரோ, லீட்ஸ், ரெடிங், ஜெர்மனியின் டுசல்டார்ஃப், துருக்கியின் டிராப்சோன் என்று ஊர் மாறிக்கொண்டே இருந்தார். விடெஸ் 2017இல் டச்சுக் கோப்பையை வென்றபோது அந்த அணியில் முக்கியமானவர் அவர். செல்சிக்காக அவர் இரண்டாவது முறை இறங்கியது 2022 ஜனவரியில், செஸ்டர்ஃபீல்டுக்கு எதிராக. இரண்டு ஆட்டங்களுக்கு இடையே எட்டு ஆண்டு. அதே மாதம் ஸ்டோக் சிட்டிக்கு நிரந்தரமாகப் போனார். அத்தனை ஊர்களிலும் அவரை விடாமல் பின்தொடர்ந்த செல்சி ரசிகர்கள் சிலர் உண்டு. அவர்களைப் பற்றி நினைக்கும்போது எனக்கு மரியாதை வருகிறது. அந்தக் காத்திருப்புக்குப் பலன் இல்லை என்று தெரிந்தும் காத்திருந்தவர்கள்.

பிறகு எதிர்பாராத ஒன்று நடந்தது. வயது குறைந்த வெளிநாட்டுச் சிறுவர்களைச் சேர்த்ததில் விதி மீறியதற்காக 2019 பிப்ரவரியில் உலகக் கால்பந்துச் சம்மேளனம் செல்சிக்குப் புதிய ஆட்டக்காரர்களை வாங்கத் தடை விதித்தது. அந்தக் கோடையில் லாம்பார்ட் செல்சியின் பயிற்சியாளரானார். வாங்க முடியாததால் வீட்டிலிருப்பவர்களைத்தான் இறக்க வேண்டும். விகனில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான ரீஸ் ஜேம்ஸ், மவுண்ட், டொமோரி, வில்லாவுக்கு 26 கோல் அடித்த ஆப்ரஹாம் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். 2019 செப்டம்பர் 14 அன்று உல்வ்ஸ் மைதானத்தில் செல்சி 5–2 என வென்றது. டொமோரி தொலைவிலிருந்து ஒன்று, ஆப்ரஹாம் மூன்று, மவுண்ட் ஒன்று. ஐந்தும் அகாடமிப் பிள்ளைகள் அடித்தவை. பயணம் போயிருந்த செல்சி ரசிகர்கள் அன்று பாடியதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், விலைக்கு வாங்கிய நட்சத்திரம் கோல் அடிக்கும்போது வரும் குரல் வேறு, இது வேறு. 2021இல் போர்ட்டோவில் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஹாவர்ட்ஸின் வெற்றிக் கோலுக்குப் பந்தை அனுப்பியவர் மவுண்ட். வலப்பக்கம் ஜேம்ஸ். காயமுற்ற தியாகோ சில்வாவுக்குப் பதில் இறங்கியவர் ஆந்திரேயாஸ் கிறிஸ்டென்சன். அவரும் மொன்ஷன்கிளாட்பாக்கில் இரண்டு சீசன் இரவலாக இருந்து திரும்பியவர்.

அது நீடிக்கவில்லை. டொமோரி 2021இல் மிலானுக்கு. ஆப்ரஹாம் அதே ஆண்டு ரோமாவுக்கு. லாஃப்டஸ்-சீக் 2023இல் மிலானுக்கு. மவுண்ட் அதே கோடையில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு, 5.5 கோடி பவுண்டுக்கு. கல்லகர் 2024இல் அட்லெடிகோவுக்கு. இதில் ஆட்டத்தைவிடக் கணக்குப் புத்தகத்துக்குப் பங்கு அதிகம். வாங்கிய ஆட்டக்காரரின் விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து ஆண்டுதோறும் செலவாக எழுதுவார்கள். நடுவில் விற்றால், கழியாமல் மிஞ்சிய தொகையை விற்பனை விலையிலிருந்து கழித்த பிறகே லாபம். அகாடமியில் வளர்ந்தவருக்குப் புத்தகத்தில் விலையே இல்லை. அவரை விற்றால் வருவது முழுவதும் லாபம். மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது என்றிருந்த பிரீமியர் லீக் விதியின் கீழ், சொந்தப் பிள்ளையை விற்பதே நெருக்கடியிலிருந்து தப்பும் சுலப வழியாகிவிட்டது. செலவுக் கட்டுப்பாட்டுக்காகப் போட்ட விதி, வளர்ப்பைத் தண்டிக்கும் விதியாக மாறியது. இதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. ஏழெட்டு வயதில் வந்த பையனை விகனிலும் டெர்பியிலும் தேடித் தேடிப் பார்த்த ரசிகரின் பத்தாண்டுப் பொறுமை, ஜூன் 30 கணக்கு முடிப்பில் ஒரு வரியாகிறது.

உலகச் சம்மேளனம் 2022 ஜூலையில் நாடு கடந்த இரவல்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. முதலில் எட்டு, பிறகு ஏழு, 2024 முதல் ஆறு. ஆனால் 21 வயதுக்குட்பட்டவர்களும் கிளப் தானே வளர்த்தவர்களும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இது சரியான விலக்குதான். பேக்கர் போன்றவர்களின் ஊர் ஊரான அலைச்சலை இந்த உச்சவரம்பு முழுமையாக நிறுத்தாது என்பதும் உண்மை.

எஞ்சியிருக்கும் பெரிய அநீதி திரும்ப அழைக்கும் உரிமைதான். 2010 டிசம்பர் இறுதியில் பிரஸ்டன் நார்த் எண்டு தன் மேனேஜர் டேரன் ஃபெர்குசனை நீக்கியது. சில நாட்களில் அவருடைய தந்தை அலெக்ஸ் ஃபெர்குசன் நடத்திய மான்செஸ்டர் யுனைடெட், பிரஸ்டனுக்கு இரவல் கொடுத்திருந்த தன் இளம் ஆட்டக்காரர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. சாம்பியன்ஷிப்பின் அடியில் கிடந்த பிரஸ்டன் அந்த சீசனில் கீழிறங்கியது. செல்சியின் ட்ரெவோ சலோபா 2024 ஆகஸ்டில் பேலஸுக்கு இரவலாகப் போனார். தடுப்பின் நடுவில் நிலைபெற்ற நேரத்தில், 2025 ஜனவரியில் செல்சி அவரை அழைத்துக்கொண்டது. ஆடாமல் இருக்கையில் வாடும் பையனை மீட்க இந்த உரிமை தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் நன்றாக ஆடுகிறார் என்பதற்காகவே பாதியில் பிடுங்கிக்கொள்வதை அனுமதிக்கக் கூடாது. குறிப்பிட்ட நிமிடங்களுக்குக் குறைவாக ஆடியிருந்தால் மட்டுமே திரும்ப அழைக்கலாம் என்று வைத்தால் இரு பக்கமும் காக்கப்படும்.

கிளப்புகளின் உரிமையாளர்கள் இப்போது அடுத்த படிக்குப் போய்விட்டார்கள். இரவல் வாங்கும் கிளப்பையே சொந்தமாக்கிக்கொண்டால் பேரம் பேச வேண்டியதில்லை. செல்சியின் உரிமையாளரான புளூகோ 2023இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் கிளப்பை வாங்கியது. பிரேசிலின் இளம் நடுக்கள ஆட்டக்காரர் ஆந்த்ரே சாண்டோஸைச் செல்சி 2024 ஜனவரியில் அங்கே அனுப்பியது. 2024–25இல் அவர் லீகில் பத்துக் கோல் அடித்தார். அணி ஏழாம் இடம் பிடித்து ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. லண்டன் ரசிகர்கள் அந்தப் பத்தையும் எண்ணி மகிழ்ந்தார்கள். ஸ்ட்ராஸ்பூர்க்கின் தீவிர ரசிகர்கள் அதே சீசனில் ஆட்டங்களின் முதல் 15 நிமிடங்கள் பாடாமல், கொடி அசைக்காமல் நின்றார்கள். அணி தோற்றதால் வந்த கோபம் இல்லை அது. தங்கள் ஊர்க் கிளப் இன்னொரு கிளப்பின் துணை அமைப்பாகிவிட்டது என்பதற்காக, வென்றுகொண்டிருந்த அணியின் முன்னால் அவர்கள் வாய்மூடி நின்றார்கள். சாண்டோஸ் 2025 கோடையில் செல்சிக்குத் திரும்பினார். செப்டம்பரில், அணித் தலைவர் இமானுவேல் எமேகாவும் அடுத்த ஆண்டு செல்சிக்குப் போகிறார் என்ற அறிவிப்பு ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு வந்தது.